ஸ்காட் குழுவுக்குப் பத்தாமல் போனது சாப்பாடா, மண்ணெண்ணெயா?

தேன்மொழி அப்பா எழுதியது:

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காகத் தென் துருவப் பயணங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், இப்போது அவளை விட நான்தான் அதிகம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக வீட்டில் இங்கிலாந்தின் ஸ்காட், நார்வேயின் அமுண்ட்சென் பேச்சுத்தான். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1911 டிசம்பர் 14 அன்று அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், ஸ்காட்டும் மற்ற நாலு பேரும் 1912 ஜனவரி 17 அன்று அங்கே போனபோது நார்வேக்காரர்களின் கூடாரமும் கொடியும்தான் இருந்தன, திரும்பி வரும் வழியில் ஐந்து பேருமே இறந்துபோனார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, அவங்க இன்னும் கொஞ்சம் சாப்பாடு எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. கடைசிக் கூடாரம் இருந்த இடத்திலிருந்து 'ஒரு டன் டிப்போ' என்று அவர்கள் பெயர் வைத்த கிடங்கு 11 கடல் மைல், அதாவது சுமார் 20 கிலோமீட்டர்தான். அங்கே உணவு இருந்தது, எண்ணெய் இருந்தது. இந்த 20 கிலோமீட்டர் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன சாப்பாடு? அது போதுமானதா? கூடுதலாக எடுத்துப் போக என்ன தடை? அப்புறம் இன்னொன்று, எங்கே பார்த்தாலும் மண்ணெண்ணெய் குறைந்துபோனது என்று எழுதியிருக்கிறது. சாப்பாடு கையில் இருந்தால், சூடு பண்ணாமல் அப்படியே சாப்பிட்டுவிட்டு நடந்திருக்கலாமே? எண்ணெய் இல்லாததற்கு உயிர் போகுமா?


பழைய பட்டாளம் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் பட்டாளத்தில் இருந்தபோது இரண்டு குளிர்காலம் லடாக்கில் உயரமான ஒரு போஸ்டில் கழித்தவன். அண்டார்டிகாவை நான் பார்த்ததில்லை, ஆனால் பனியை உருக்கித் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

ஒரு குண்டான் நிறையப் புதுப் பனியை அமுக்கி அமுக்கி அடுப்பில் வைத்தால், உருகி முடிக்கும்போது அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும். மறுபடி அள்ளிப் போட வேண்டும், மறுபடி, மறுபடி. நாலு பேருக்கு டீ போட ஒரு மணி நேரம் ஓடிவிடும். அடியில் தண்ணீர் விடாமல் வெறும் பனியை வைத்தால் பாத்திரம் தீய்ந்துவிடும், அந்தத் தீய்ந்த வாடை டீயில் இறங்கி, குடிக்கும்போது தொண்டை வரைக்கும் வரும். அதனால் ராத்திரி மிச்சம் வைத்த ஒரு குவளைத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் தூங்கும் பைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுப்போம். காலையில் பாத்திரத்தின் அடியில் ஊற்ற அந்த ஒரு குவளை வேண்டும். அதை உறையவிட்டவனுக்கு ஹவில்தாரிடம் நல்ல பாட்டு கிடைக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அண்டார்டிகாவில் சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் அடுப்பு இல்லாமல் ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. பனியை வாயில் போட்டு உறிஞ்சலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியைச் சைபருக்குக் கொண்டுவர 15 கிலோகலோரி, உருக்க 80, உருகிய தண்ணீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இன்னொரு 37. மொத்தம் 130க்கு மேல். நாளைக்கு மூன்று லிட்டர் என்றால் 400 கிலோகலோரி. அடுப்பு கொடுக்காவிட்டால் அந்தச் சூட்டை உங்கள் உடம்புதான் கொடுக்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே பட்டினியில் நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பு.

பெமிக்கன் என்பது காய்ந்த இறைச்சியைப் பொடித்து, உருக்கிய கொழுப்பில் கலந்து உறையவைத்த கட்டி. நம் ஊர் உப்புக்கண்டத்தை இடித்து நெய்யில் பிசைந்து வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் அது மெழுகுவர்த்தி மாதிரி இறுகிவிடும். அவர்கள் அதை வெந்நீரில் கரைத்து, பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, 'ஹூஷ்' என்று ஒரு கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். கஞ்சி இல்லாவிட்டால் வயிற்றில் சூடு இல்லை, வயிற்றில் சூடு இல்லாவிட்டால் விரல்களுக்கு ரத்தம் போகாது, ஈரக் காலுறை காயாது, காலையில் பூட்ஸைப் போடவே ஒன்றரை மணி நேரம். எண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் தீர்ந்தது, சூடும் தீர்ந்தது, காலும் போனது. அங்கே மண்ணெண்ணெய்தான் முதல் சாப்பாடு.

எண்ணெய் ஏன் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டின்களின் மூடிக்கு அடியில் தோல் வாஷர் போட்டிருந்தார்கள். கடுங்குளிரில் தோல் சுருங்கி விறைத்து இடைவெளி விட்டுவிட்டது, டிப்போவின் உச்சியில் வெயில் படும்படி வைத்த டின்களில் இருந்து எண்ணெய் ஆவியாகிப் போயிருக்கிறது. 1912 பிப்ரவரி 24 அன்று ஒரு டிப்போவில் எண்ணெய் குறைவு, மார்ச் 2 அன்று அடுத்த டிப்போவில் இன்னும் மோசம், ஸ்காட்டின் நாட்குறிப்பில் இரண்டுமே இருக்கிறது. கடைசியாக அவர் எழுதியதைப் பாருங்கள்: இரண்டு நாளைக்குச் சாப்பாடு இருந்தது, எண்ணெய் ஒரு வேளைச் சூடான சாப்பாட்டுக்கு மட்டும். உங்கள் கேள்விக்கு அவரே பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.


சத்துக்கணக்கு எழுதியது:

ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் எண்ணெய் முழுசாக இருந்திருந்தாலும் அவர்கள் பட்டினியில்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் மருத்துவமனை ஒன்றில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு இந்தக் கணக்கில் தனி ஆர்வம்.

மலை ஏறியதிலிருந்து துருவம் வரைக்குமான ஸ்காட்டின் ரேஷன், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, அவுன்ஸை கிராமாக மாற்றினால் இப்படி வரும்: பிஸ்கட் 450, பெமிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, தேயிலை 20, கோகோ 16. மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 4500 கிலோகலோரி. பார்க்க நிறையத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு அது இரண்டு நாள் சாப்பாடு.

இந்த அளவை அவர்கள் குத்துமதிப்பாக வைக்கவில்லை. 1911 ஜூன் கடைசியில் ஸ்காட்டின் ஆட்களான வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் மூன்று பேரும் பேரரசப் பென்குயின் முட்டைக்காக நடுக் குளிர்கால இருட்டில் ஐந்து வாரம் போனார்கள் அல்லவா, மைனஸ் 60 டிகிரியைத் தாண்டிய குளிர். அந்தப் பயணத்திலேயே சோதனை செய்தார்கள். ஒருவர் பிஸ்கட்டை அதிகமாக, ஒருவர் பெமிக்கனை அதிகமாக, ஒருவர் வெண்ணெயை அதிகமாகச் சாப்பிட்டுப் பார்த்து, எந்த விகிதம் தாங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது மிக நேர்மையான ஆராய்ச்சி, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் ஸ்லெட்ஜ் வண்டியை மனிதனே இழுப்பதற்கு 4500 போதாது. இதை உறுதியாகத் தெரிந்துகொள்ள 80 வருடம் ஆனது. 1992-93இல் ராணுல்ஃப் ஃபைன்ஸும் மைக் ஸ்ட்ரவுட்டும் ஆளுக்கு 200 கிலோவுக்கு மேல் எடையை இழுத்துக்கொண்டு அண்டார்டிகாவைக் கடந்தார்கள். ஸ்ட்ரவுட் மருத்துவர், கன ஐசோடோப் (வழக்கத்தை விடக் கனமான அணு) கலந்த தண்ணீரைக் குடித்து உடம்பு செலவழிக்கும் ஆற்றலை அளந்தார். 5000 கிலோகலோரிக்கு மேல் சாப்பிட்டும் இருவருக்கும் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. செலவு 7000 அளவில், மேடு ஏறிய சில நாட்களில் 10,000ஐயும் தாண்டியது. அப்படியென்றால் ஸ்காட்டின் ஆட்களுக்குத் தினமும் 2000 அல்லது அதற்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது, மாதக்கணக்கில். முதலில் கொழுப்பு போகும், அப்புறம் தசை. கொழுப்பு போனால் குளிரைத் தாங்கும் போர்வை போய்விட்டது என்று அர்த்தம். ஐந்து பேரில் பெரிய உடம்பு எட்கர் எவன்ஸுக்கு. அவருக்கும் எல்லோருக்கும் கொடுத்த அதே அளவுதான், முதலில் விழுந்ததும் அவர்தான், பிப்ரவரி 17 அன்று.

தேன்மொழி கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூட எடுத்துப் போயிருக்கலாமே? சுத்தக் கொழுப்பாகவே எடுத்தாலும் ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி. 2000க்கு 220 கிராம். ஐந்து பேர், 150 நாள் என்றால் 165 கிலோ. அதைத் தூக்கி வைத்து இழுப்பவரும் அதே ஐந்து பேர்தான், இழுக்க இழுக்க இன்னும் பசிக்கும். வழியில் டிப்போ போட்டு வைக்கலாம், போட்டார்கள், ஆனால் டிப்போவுக்கு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆளோ மிருகமோ இழுத்தாக வேண்டும், அவற்றுக்கும் தீனி வேண்டும். இந்தச் சுற்று எங்கேயும் முடியாது.

இன்னொன்று, அந்தப் பட்டியலில் வைட்டமின் சி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லவே இல்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வழியில் உதவிக்குப் போய்த் திரும்பிய கடைசித் துணைக்குழுவில் இருந்த டெடி எவன்ஸ் (எட்கர் எவன்ஸ் இல்லை, இவர் வேறு), வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் முற்றி நிற்க முடியாமல் விழுந்தார். கூட வந்த இரண்டு பேரில் லாஷ்லி அவர் பக்கத்தில் இருக்க, டாம் க்ரீன் மூன்று பிஸ்கட்டும் இரண்டு சாக்லேட் துண்டும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு 35 மைல் தனியாக நடந்து போய் உதவி கொண்டுவந்தார். கூடாரம் இல்லை, அடுப்பு இல்லை. இந்த ஆளைப் பற்றி உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்காட்டின் ஐந்து பேருக்கும் ஸ்கர்வி இருந்ததா என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. நாட்குறிப்பில் அந்தப் பெயர் இல்லை, கூடவே இருந்த வில்சன் மருத்துவர். ஆனால் எட்கர் எவன்ஸின் கையில் பட்ட வெட்டு ஆறவே இல்லை, சீழ் வைத்தது. நவம்பர் 1 அன்று முகாமை விட்டுக் கிளம்பியவர்கள், நாலு மாதம் இந்தச் சாப்பாடு. முழு நோயாக வெளியே தெரியாவிட்டாலும் குறைபாடு உள்ளே வேலை செய்திருக்கும் என்பதுதான் என் எண்ணம்.


பனித்தடம் எழுதியது:

எல்லோரும் ஸ்காட் பக்கமே பேசுகிறீர்கள், அமுண்ட்சென்னின் ரேஷனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பிஸ்கட் 400 கிராம், பெமிக்கன் 350, சாக்லேட் 125, பால் பவுடர் 75. மொத்தம் 950 கிராம். அதாவது ஸ்காட்டின் ரேஷனும் அமுண்ட்சென்னின் ரேஷனும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றே, கலோரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை! ஒரு குழு செத்தது, மற்றது 99 நாளில் போய்த் திரும்பி வந்தது.

காரணம், இவர்கள் வண்டி இழுக்கவில்லை. நாய்கள் இழுத்தன, இவர்கள் பனிச்சறுக்குக் கட்டையில் கூடப் போனார்கள். ஒரு நாளைக்கான தூரத்தைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் படுத்து ஓய்வெடுத்தார்கள். அதே 4500 கிலோகலோரி அவர்களுக்குப் போதுமாக இருந்தது. திரும்பும்போது பெமிக்கனை 450 கிராமாக ஏற்றக்கூட முடிந்தது, அவ்வளவு மிச்சம்.

1911 அக்டோபரில் ஐந்து பேர், 52 நாய்கள் கிளம்பின. வந்து சேர்ந்தவை 11. மலைக்கு மேலே ஏறியதும் 24 நாய்களைச் சுட்டார்கள், அந்த இடத்துக்குக் 'கசாப்புக்கடை' என்று பெயர் வைத்தார்கள். நாய்க்கும் அதே இறைச்சி, மனிதனுக்கும் அதே இறைச்சி. இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், நாய் வளர்க்கிற யாருக்கும் இருக்கும். அமுண்ட்சென்னே அன்று கூடாரத்துக்குள் அடுப்பைச் சத்தமாக எரியவிட்டு வெளியே கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் உணவுக் கணக்கில் அது எப்படி வேலை செய்தது பாருங்கள், வண்டியின் எடை குறையக் குறைய நாயின் எண்ணிக்கையும் குறையும், குறைந்த நாய் மற்ற நாய்க்குச் சாப்பாடு. ஸ்காட் கொண்டுபோன குதிரைகளுக்கு அண்டார்டிகாவில் ஒரு புல் கிடையாது, தீவனம் முழுவதும் கப்பலில் வந்து வண்டியில் போக வேண்டும். போதாததற்குக் குதிரைக்குத் தோலெல்லாம் வேர்க்கும், வேர்த்தது அப்படியே உறையும்.

டிப்போ விஷயத்திலும் அப்படித்தான். தெற்கு அட்சரேகை 80, 81, 82 டிகிரியில் மூன்று டிப்போ, மொத்தம் சுமார் 3 டன் பொருள், அதில் நிறைய சீல் இறைச்சி. மூடுபனியில் வழி தவறினாலும் டிப்போவைத் தவறவிடக் கூடாது என்று, கிழக்கேயும் மேற்கேயும் பல கிலோமீட்டருக்குக் கொடிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் டிப்போ எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியும்படி எண் போட்டார்கள். அந்தக் கொடி வரிசையை எங்கே குறுக்கே கடந்தாலும் கொடி கண்ணில் படும்.

பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. முகாமில் அந்தக் குளிர்காலம் முழுவதும் அமுண்ட்சென்னின் ஆள் ஜோஹான்சென் உட்கார்ந்து பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். பால் பவுடரைச் சின்னச் சின்ன நீளப் பைகளில் அடைத்துப் பெமிக்கன்களுக்கு இடையே இருந்த சந்துகளில் செருகினார், அதிலும் மிச்சமான இடத்தில் சாக்லேட். பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் இருக்கும். மேலே வட்டமான அலுமினிய மூடி. இதனால் என்ன லாபம்? வண்டியில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே மூடியைத் திறந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மைனஸ் 40இல் விறைத்த கயிற்றின் முடிச்சைக் கையுறையைக் கழற்றிவிட்டு அவிழ்த்துப் பார்த்தவருக்குத் தெரியும் அந்த மூடியின் அருமை, பழைய பட்டாளம் ஐயா சொல்லட்டும்.

கிளம்பும் முன்னாலேயே உடம்பைத் தயார் செய்ததும் உண்டு. சமையல்காரர் லிண்ட்ஸ்ட்ரோம் குளிர்காலம் முழுக்கச் சீல் இறைச்சியை அதிகம் வேகவிடாமல் போட்டார், முழுக்கோதுமை ரொட்டி, காலையில் பழக்கூழ் தடவிய அடை. சத்துக்கணக்கு அக்கா சொன்ன வைட்டமின் இதிலேயே வந்துவிட்டது, பெயர் தெரியாமலே.

ஸ்காட்டிடம் எனக்கு ஒரே ஒரு குறை. சாப்பாடு, எண்ணெய், கூடாரம் எல்லாம் நாலு பேர் கணக்கில் கட்டப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில், ஜனவரி 4 அன்று, ஐந்தாவதாகப் பவர்ஸையும் சேர்த்துக்கொண்டு போனார். நாலு பேர் பொட்டலத்தைப் பிரித்து ஐந்தாக்க வேண்டும், திரும்பிப்போன மூன்று பேருக்கும் நாலு பேர் பொட்டலத்திலிருந்து அளந்து எடுக்க வேண்டும். ஐந்து பேருக்குச் சமைக்க நாளைக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது என்று அவரே எழுதினார். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரத்து மண்ணெண்ணெய்.


தேன்மொழி அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரிக்கு வரி அவளுக்குப் படித்துக் காட்டினேன். டாம் க்ரீனின் மூன்று பிஸ்கட்டைக் கேட்டதும் எழுந்து போய்ப் பிஸ்கட் டப்பாவிலிருந்து மூன்றை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு இரண்டு சந்தேகம். ஒரு டன் டிப்போவை முதலில் திட்டமிட்ட இடத்தில் வைக்கவில்லை என்று எங்கோ படித்திருக்கிறாள், அது உண்மையா? அப்புறம், வழியில் சீல், பென்குயினை வேட்டையாடியிருக்கலாமே?


கடலோடி எழுதியது:

டிப்போ விஷயம் உண்மைதான் அண்ணா. தெற்கு அட்சரேகை 80 டிகிரியில் வைக்கத்தான் திட்டம். 1911 பிப்ரவரியில் குதிரைகள் துவண்டுபோனதால் 79 டிகிரி 29 நிமிடத்திலேயே இறக்கிவிட்டார்கள். குதிரையைக் கொன்றாவது முன்னே கொண்டுபோகலாம் என்று, பின்னால் துருவம் போன ஐந்து பேரில் ஒருவரான ஓட்ஸ் சொன்னார், ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை. வித்தியாசம் 31 கடல் மைல். கடைசிக் கூடாரம் டிப்போவுக்கு 11 கடல் மைல் தெற்கே. அப்படியென்றால் 80 டிகிரியில் வைத்திருந்தால் அந்த இடத்துக்கு வருவதற்கு 20 கடல் மைல் முன்பே அதை எட்டியிருப்பார்கள். ஓட்ஸ் கூடாரத்தை விட்டு வெளியே நடந்துபோய்த் திரும்பாமல் போனது கிட்டத்தட்ட அந்தப் பகுதியில்தான். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு டிப்போவிலும் இருந்தது சுமார் ஒரு வாரச் சாப்பாடு. வாரத்துக்குள் அடுத்த டிப்போவை எட்டினால் முழு ரேஷன், எட்டாவிட்டால் அரை ரேஷன். அந்த மார்ச்சில் மைனஸ் 40க்குக் கீழே போனது, அவ்வளவு குளிரில் பனி வண்டிக்கு அடியில் வழுக்காது, மணல்மேல் இழுப்பது போல இருக்கும். நாளைக்கு 15 மைல் போனவர்கள் ஐந்து, ஆறு மைலுக்கு வந்துவிட்டார்கள். மூட்டையில் இருந்தது அதே சாப்பாடுதான், தூரம் குறையக் குறைய அது தானாகவே பத்தாமல் போனது.

வேட்டை பற்றி. சீலும் பென்குயினும் கடலோரத்தில் மட்டும்தான். உள்ளே போனால் 1000 கிலோமீட்டருக்கு ஒரு உயிர் இல்லை. கடலோரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், அதற்கு ஸ்காட்டின் ஆட்களிலேயே சாட்சி இருக்கிறது. கேம்ப்பெல் தலைமையில் ஆறு பேர் வடக்கே போனவர்கள், கப்பல் வந்து ஏற்ற முடியாமல், 1912 குளிர்காலம் முழுவதும் பனியில் குடைந்த 12 அடிக்கு 9 அடிக் குகையில் கிடந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. சீல் கொழுப்பை எரித்து விளக்கு, அடுப்பு, முகமெல்லாம் கரி. சாப்பாடு சீலும் பென்குயினும், பிஸ்கட்டை எண்ணி எண்ணி, சர்க்கரை ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒருநாள் கொன்ற சீலின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே 36 மீன், இன்னும் கெடாமல். அன்றைக்கு அவர்களுக்குத் திருவிழா. ஆறு பேரும் உயிரோடு நடந்து முகாமுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குப் புது இறைச்சி கிடைத்தது, எரிக்கக் கொழுப்பும் அதே மிருகத்திலிருந்து கிடைத்தது. ஐயா சொன்ன முதல் சாப்பாடும் இரண்டாவது சாப்பாடும் ஒரே இடத்தில்.

நாய் இறைச்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1912 டிசம்பர் 14 அன்று, ஆஸ்திரேலியாவின் மாசன் அண்டார்டிகாவில் கூட்டிப்போன மூவர் குழுவில் நின்னிஸ் என்பவர் பனிப்பிளவில் விழுந்தார், கூடவே நல்ல நாய்களும் பெரும்பாலான சாப்பாடும் இருந்த வண்டியும் போய்விட்டது. மாசனும் மூன்றாமவரான மெர்ட்ஸும் மிச்ச நாய்களைத் தின்றுகொண்டு திரும்பினார்கள், ஈரலையும் விடவில்லை, அது மெத்தென்று இருந்ததால் மென்று தின்ன எளிது. மெர்ட்ஸ் தோல் உரிந்து, பிதற்றி, ஜனவரியில் இறந்தார். நாய் ஈரலில் இருந்த அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ தான் காரணம் என்று பின்னால் வந்த மருத்துவர்கள் எழுதினார்கள், வெறும் பட்டினிதான் என்பவர்களும் உண்டு. மாசன் தனியாக வந்து சேர்ந்தார். உள்ளங்காலின் தோல் மொத்தமாகக் கழன்று வந்ததை மறுபடி பாதத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

பிஸ்கட் என்றதும் இன்னொரு பிஸ்கட் ஞாபகம் வருகிறது, தேன்மொழிக்காக எழுதுகிறேன். ஸ்காட்டுக்கு முன்பே துருவத்துக்குக் கிளம்பிய ஷாக்கிள்டன், 1909 ஜனவரியில் துருவத்துக்கு 97 கடல் மைல் தொலைவில் நின்று, போனால் சாப்பாடு திரும்பும் வரைக்கும் வராது என்று கணக்குப் பார்த்துத் திரும்பினார். வழியில், கூடப் போன ஃபிராங்க் வைல்டுக்கு வயிறு கெட்டு, குதிரை இறைச்சி இறங்கவில்லை. ஷாக்கிள்டன் தன் பங்கான ஒரே பிஸ்கட்டை அவரிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்று வைல்ட் தன் நாட்குறிப்பில் எழுதினார். நாலு பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.


தேன்மொழி அப்பா எழுதியது:

நேற்று ராத்திரி அவள் பிடிவாதமாக ஒரு வேலை செய்தாள். ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டிகளை எல்லாம் எடுத்து ஒரு கிலோ நிறுத்து, பாத்திரத்தில் போட்டு, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கையில் கடிகாரத்தோடு நின்றாள். ஐயா சொன்னபடி அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். கடைசிக் கட்டி கரைய ஏழு நிமிடம். கொதி வர இன்னொரு ஏழு. "பாதி எரிவாயு வெறும் தண்ணியாக்கறதுக்கே போச்சுப்பா, இன்னும் கை வச்சா சில்லுனுதான் இருந்துச்சு" என்றாள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.


பழைய பட்டாளம் எழுதியது:

சபாஷ். மூடி போட்டாளா என்று கேளுங்கள். போடாவிட்டால் இன்றைக்கு மூடி போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்க்கட்டும். ஸ்காட்டிடம் இருந்தது நான்சென் அடுக்கு. நடுவில் கஞ்சிப் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், அதில் பனி. எல்லாவற்றையும் மூடிக் கவிழ்த்த ஒரு உறை. நடுவில் கஞ்சி கொதிக்கும்போது பக்கவாட்டில் தப்பிப் போகிற சூட்டிலேயே அடுத்த வேளைக்கான பனி உருகிக்கொண்டிருக்கும். வீட்டில் பெரிய குண்டானுக்குள் சின்னக் குண்டானை வைத்து அவள் இதைச் செய்து பார்க்கலாம், ஆனால் சுடும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.